பெயர் பெற்ற தோட்டத்து ஒயின்

பிரான்சில் ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ஒயினை வாங்கி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் சண்டை என்றால் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் எழுத வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். ஒயின் குடிப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். சாமிக்குத் திரை விலக்கும்போது நிற்பதுபோல் நிற்பார்கள். நான் அதைப் பல தடவை குடித்திருக்கிறேன். என் தீர்ப்பு மாறவில்லை. அது சுமாரான ஒயின்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். கேட்டிருக்கிறார்கள். நான் மலேசியாவில், செரண்டாவில், மிளகாய் சோஸ், தக்காளி சோஸ், வினிகர் என்று சொல்கிற காடி எல்லாம் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவின் தலைவி. காலையில் போனதும் வாயில் ஒரு கரண்டி சோஸ் வைத்து, இது கடைக்குப் போகலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் வேலை. என் நாக்கு சம்பளம் வாங்கும் நாக்கு. அதைப் பற்றி எனக்கு அடக்கம் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

எங்கள் ஒயின் கூட்டம் கோலா சிலாங்கூரில், ஆற்றங்கரையில் உள்ள ஒரு சீன மீன் சாப்பாட்டுக் கடையில் மாதம் ஒரு முறை கூடும். வெளியிலிருந்து ஒயின் கொண்டுபோனால் அந்தக் கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். நண்டு நிறைய வாங்கினால் போதும். கூட்டத்தில் அப்போது ஐந்து பேர். சுங்கை சோவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், பத்தாங் காலியிலிருந்து ஒரு வழக்கறிஞர், கோலா சிலாங்கூர் பல் டாக்டர், நான், என் கணவர். என் கணவரைக் கணக்கில் சேர்ப்பது நியாயமா தெரியவில்லை. அவர் எதைக் குடித்தாலும், "நல்லாத்தான் இருக்கு" என்பார். பச்சைத் தண்ணீருக்கும் அதையே சொல்வார்.

கூட்டத்துக்குத் தலைவர் டாக்டர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரான்சுக்குப் போய் வந்தவர், அந்தப் பெயர் பெற்ற தோட்டத்தின் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டவர். அதனால் தலைவர் ஆகிவிட்டார். புட்டியைத் திறக்குமுன் கைத்தொலைபேசியில் அதற்கு யார் எத்தனை மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று வாசிப்பார். வாசித்து முடித்த பிறகுதான் ஊற்றுவார். மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் இருக்கும் எனக்கு. அதன் பிறகு யார் குடித்தாலும் வாயிலிருந்து வருவது அந்தக் கைத்தொலைபேசியில் இருந்த வார்த்தைகள்தான். கருப்புப் பழம், ஈர மண், பழைய தோல் செருப்பு. சுங்கை சோ கடைக்காரர் ஒரு நாள் என் காதில், "அக்கா, எனக்கு இதுல செருப்பு எங்க இருக்குன்னே தெரியல," என்றார். பிறகு எல்லார் முன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு, "ஆமா டாக்டர், செருப்பு நல்லா தெரியுது," என்று சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

எனக்கு அந்தத் தோட்டத்தின் மேல் எந்தப் பகையும் இல்லை. நானும் தோட்டத்தில், ரப்பர் தோட்டத்தில், பிறந்தவள்தான். ஒரு தோட்டம் கைமாறுவது எப்படி என்று எனக்குத் தெரியும். பழைய கம்பெனி விற்றுவிட்டுப் போகும், புதிய கம்பெனி வரும், கணக்கு எழுதும் கிராணி மாறுவார், வேலை வாங்கும் மண்டோர் மாறுவார், முன்பு இரண்டு பேர் செய்த வேலையை ஒருவன் செய்வான். வாசலில் இருக்கும் பெயர்ப் பலகை மட்டும் அப்படியே இருக்கும். அந்தப் பிரெஞ்சுத் தோட்டமும் ஒரு பெரிய கம்பெனியின் கைக்குப் போனதாக டாக்டரே ஒரு முறை சொன்னார். அதற்குப் பிறகு வந்த ஒயின் எல்லாம் வாயில் வைத்ததும் தண்ணீராய் இறங்கிவிடுகிறது. முன்பு நல்ல ஒயின் செய்தவர்களுக்குக் கிடைத்த பாராட்டை இப்போது இருப்பவர்கள் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதற்கு டாக்டர், "தங்கச்சி, அது புரிய கொஞ்சம் வயசாகணும்," என்றார். எனக்கு அப்போதே ஐம்பது ஆகிவிட்டது.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த மாதம் எல்லாப் புட்டிகளையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோனேன். எது எது என்று யாருக்கும் தெரியாமல் குடித்துப் பார்ப்போம் என்றேன். எல்லாரும் சம்மதித்தார்கள். டாக்டர் குடித்துவிட்டு ஒன்றைத் தள்ளி வைத்தார். "இது சமையலுக்குத்தான் ஆகும்," என்றார். பிரித்துப் பார்த்தால் அவருடைய தோட்டம். சுங்கை சோ கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, ஆனால் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "உங்க நாக்குக்கு சோஸ்தான் லாயக்கு," என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் நாங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தும் நேருக்கு நேர் பேசவில்லை. நண்டுத் தட்டைக்கூடக் கடைக்காரர் வழியாகத்தான் நகர்த்துவோம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பதில் எங்கள் கூட்டம் கண்டிப்பு. வழியில் போலீஸ் தடுப்பு வேறு இருக்கும். அதனால் பிள்ளைகள் வந்து அழைத்துப் போவார்கள். எங்கள் மகள் செரண்டாவிலிருந்து வருவாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள், ஒயினில் அவளுக்கு ஆசை இல்லை. டாக்டரின் மகனும் வருவான். இன்ஜினியர், அமைதியான பிள்ளை. நாங்கள் உள்ளே கிளாசுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் இருவரும் வெளியே படகுத்துறைப் பக்கம் எலுமிச்சை பிழிந்த ஐஸ் லிமாவ் குடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். எத்தனை மாதம் அப்படிக் காத்திருந்தார்களோ. எந்த ஒயினில் எந்தப் பழம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்த எனக்கு, பத்தடி தூரத்தில் நடந்த இது மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் வண்டியில் போகும்போது மகள் சொன்னாள். "ம்மா, நான் அவரைத்தான் கட்டிக்கப் போறேன். டாக்டர் அங்கிள்கிட்டயும் இன்னைக்கு அவரு சொல்லியிருப்பாரு."

என் கணவர் முன் சீட்டிலிருந்து, "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

பையன் மேல் எனக்குக் குறை இல்லை. பயமெல்லாம் அந்த வீட்டைப் பற்றித்தான். டாக்டர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். அவர் மனைவி நல்ல அம்மா, ஆனால் கணவர் பேசும்போது சமையலறை வாசலில் நின்று கேட்பார், உள்ளே வந்து உட்கார மாட்டார். பையனும் அப்பா பேசி முடித்ததும் அதே கடைசி வரியைத் திரும்பச் சொல்வான். என் மகளை நான் அப்படி வளர்க்கவில்லை. குழம்பில் உப்பு கூடினால், கூடிவிட்டது என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லும் பிள்ளை. அவள் அந்த வீட்டுக்குப் போய் வாய் பேசாதவளாகிவிட்டால் என்ன செய்வது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் அந்தப் பையனை எவ்வளவு விரும்புகிறாள் என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வாயால் இந்தக் கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்றும் பயம். இரண்டு பயமும் சேர்ந்து என்னைத் தூங்கவிடவில்லை.

மாப்பிள்ளை வீடு பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். எங்கள் பக்கத்தில் வழக்கம் என்னவென்றால், பேச்சு முடிந்து தாம்பூலம் மாற்றும் வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், அதோடு சரி. தாம்பூலம் மாற்றி, அங்கே சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. பெண்ணை அழைத்துப் போகும் வழக்கம் கிடையாது. ஆனால் டாக்டரே, "பிள்ளையும் வரட்டும், இந்தக் காலத்துல என்ன," என்று சொல்லியிருந்தார். அதனால் மகள்தான் வண்டி ஓட்டினாள்.

ரவாங்கைத் தாண்டியதும் நான் அவளிடம் சொன்னேன். "இன்னைக்கு அவரு எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும். புரியுதா?"

"நீங்களாம்மா பேசறது?"

"ஆமா, நான்தான். ஒரு நாள் தானே லா. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

அவள் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் வீட்டு ஹாலில் ஒரு பெரிய கண்ணாடி அலமாரி. அதில் பீங்கான் தட்டுகள், பையனின் பட்டமளிப்புப் படம், பூப்பந்து விளையாடி வாங்கிய கோப்பைகள், எல்லாவற்றுக்கும் நடுவில், தனி விளக்குக்குக் கீழே, நிமிர்ந்து நின்றது அந்தத் தோட்டத்துப் புட்டி. மகன் பள்ளியில் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவம் எழுதிய வருடம் பிரான்சிலிருந்து வாங்கி வந்து, அவன் கல்யாணப் பேச்சு அன்று திறப்பதற்கென்று வைத்தது. ஒயினைப் படுக்க வைக்க வேண்டும், வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரியாததல்ல. எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவரே அவர்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் உள்ளே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா. வாசல் வழியாக மத்தியான வெயில் நேராக அலமாரியில் விழும். வருடா வருடம் ஆயுத பூசைக்கு அவர் மனைவி அலமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். புட்டிக்கும் வைத்திருந்தார். பிரெஞ்சு எழுத்துக்கு மேல் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன.

பேச்சு நல்லபடியாகவே போனது. டாக்டரின் அண்ணன், பத்தாங் காலியில் இருக்கும் பெரியவர், நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். எங்கள் ஊர், உறவு, கல்யாணத்தைக் கோயிலில் வைப்பதா மண்டபத்திலா. தாம்பூலத் தட்டு மேசையில் தயாராக இருந்தது. சமையலறையிலிருந்து ஆட்டிறைச்சி வாசனை வந்தது. பெரியவர் தட்டில் கை வைக்கப் போன நேரத்தில் டாக்டர் எழுந்தார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இத திறந்துட்டு அப்புறம் மாத்தலாம். இதுக்காகத்தானே இத்தன வருஷம் வச்சிருந்தேன்."

புட்டியை எடுத்தார். கார்க் முழுதாக வரவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாதி உள்ளே விழுந்துவிட, தேத்தண்ணி வடிகட்டியைக் கொண்டுவரச் சொல்லி வடிகட்டி ஊற்றினார். நிறத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிவப்பு இல்லை, பால் சேர்க்காத கடுந்தேத்தண்ணி நிறம். கிளாஸ் என் கைக்கு வருமுன்னே வாசனை வந்துவிட்டது. வேலையிடத்தில் தினமும் திறந்து பார்க்கும் காடிப் பீப்பாயின் வாசனை.

தனக்கும் மகனுக்கும் எங்கள் மூவருக்கும் ஊற்றினார். பெரியவர் குடிப்பதில்லை. டாக்டர் மனைவிக்கு ஊற்றவில்லை. அவர் வழக்கம்போல் சமையலறை வாசலில் நின்றார்.

டாக்டர் ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நேராக என்னைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு நேராக.

"சொல்லுங்க தங்கச்சி. உங்க வாயால கேக்கணும்."

குடித்தேன். புளித்த பழத்தை வேகவைத்து அதில் காடி ஊற்றியதுபோல் இருந்தது. தொண்டையில் இறங்க மறுத்தது. அறையில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். நான் தாம்பூலத் தட்டைப் பார்த்தேன். இருபது வருடங்களாக, மேலாளர் வந்து கெஞ்சினாலும் கெட்ட சரக்கை நல்லது என்று சொல்லாத நான், "நல்லா இருக்கு டாக்டர்," என்றேன். சொன்னதும் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் என் கணவர். அவர் நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

"சூப்பர்ப்பா," என்றான் பையன்.

மகள் கடைசியாகக் குடித்தாள். விழுங்கினாள். கிளாஸை மேசையில் வைத்தாள்.

"அங்கிள், இது கெட்டுப் போச்சு," என்றாள். "புளிச்சு காடியாயிருச்சு. குடிச்சா உங்களுக்கு வயித்துக்கு ஆகாது."

பெரியவர் முகம் சுருங்கியது. "நல்ல காரியம் பேசற நேரத்துல என்ன பிள்ளை இது, கெட்டுப் போச்சுன்னுக்கிட்டு," என்றார்.

டாக்டரின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "உங்கம்மாவே நல்லா இருக்குன்னுட்டாங்களேம்மா."

"அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க அங்கிள். அவங்க அப்படி சொல்லி நான் கேட்டதே இல்ல. எனக்குக் கஷ்டமா இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு. அதுக்காக நல்லா இல்லாதத நல்லா இருக்குன்னு சொல்லத் தெரியாது. இங்க வந்த பிறகும் நான் இப்படித்தான் இருப்பேன். உங்களுக்கு ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லிருங்க."

என் உயிரே போய்விட்டது. கல்யாணம் முடிந்தது, வண்டியை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதே நேரத்தில் என் நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. நான் சொல்லாததை என் பிள்ளை சொல்லிவிட்டாள். அதையும் எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டாள்.

மகள் டாக்டரைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவளுக்குப் பதில் வேண்டியது அவனிடமிருந்து.

அவன் தன் கிளாஸை மறுபடி எடுத்தான். இந்த முறை முகர்ந்தான், குடித்தான், கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தான். பிறகு அப்பா பக்கம் திரும்பினான். "அவ சொல்றது சரிப்பா. இது போச்சு. நான் குடிச்சுப் பாக்காமலே சொல்லிட்டேன்."

சமையலறை வாசலிலிருந்து அவன் அம்மா, "அங்க வெயில் அடிக்குதுன்னு நான் எத்தன வருஷமா சொல்றேன்," என்றார். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர்போல் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் எங்கள் கிளாஸ்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு, புட்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுவும் தொட்டியில் அது கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வர நேரமானது. என் கணவர் கார் சாவியை மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் வந்து மகன் முன்னால் நின்றார். "கார்க் உதிரும்போதே எனக்குத் தெரியும்டா," என்றார். "வாயில வச்சதும் இன்னும் நல்லா தெரிஞ்சுது. இத்தன வருஷம் வச்சிருந்து, அந்தப் பேர வச்சுக்கிட்டு, எப்படி நல்லா இல்லன்னு சொல்றது. நீங்க யாராவது நல்லா இருக்குன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் தெரியாத மாதிரி நடிச்சேன், நீ பொய் சொன்ன, தங்கச்சியும் சொன்னாங்க. உன் பொண்டாட்டி ஒருத்திதான் உண்மையச் சொன்னா."

பெரியவர் தலையைத் தூக்கினார். "டேய், இன்னும் தட்டே மாத்தல."

"அப்ப மாத்துங்கண்ணே," என்றார் டாக்டர். "இந்தப் பிள்ளைய விட்டுட்டா நமக்குத்தான் நஷ்டம்."

தட்டு கை மாறியது. டாக்டர் மனைவி வாசலிலிருந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மகளின் பக்கம் சாய்ந்து அவள் முழங்கால் மேல் கை வைத்தேன். மேசைக்கு அடியில் அவள் கால் நடுநடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு தெளிவாகப் பேசியவள் அவ்வளவு பயத்தோடுதான் பேசியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஹாலில் எல்லார் முன்னாலும், பெருமையில் அழுதேன்.